பெஞ்சமின் பிராங்கிளின்

பெஞ்சமின் பிராங்கிளின் (சனவரி 17, 1706 – ஏப்ரல் 17, 1790) ஐக்கிய அமெரிக்காவைத் தோற்றுவித்த தலைவர்களுள் ஒருவர். அச்சாளர், எழுத்தாளர், அறிவியலாளர், அரசதந்திரி எனப் பல துறைகளில் புகழ் பெற்றவர். இடிதாங்கியால் பரவலாக அறியப்படும் இவர், வீடுகளைச் சூடாக்கும் அடுப்புக்களையும் அவற்றின் புகையை வெளியேற்றும் வழிகளையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்தார்.

வாழ்க்கைச் சுருக்கம்

பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்துவந்த யோசையா பிராங்கிளினின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிய பின்னர் 1723 இல் பிலடெல்பியாவுக்குச் சென்றார். 1736 இல் அங்கு தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றைத் தோற்றுவித்தார். 1757 முதல் 1775 வரை பெரும்பாலும் இலண்டனிலும், பின்னர் 1785 வரை பிரான்சிலும் தூதுப்பணி ஆற்றினார்.

பென்சில்வேனிய அடுப்பு

அக்கால வீடுகளில் திறந்த கணப்பில் விறகு எரிக்கப்பட்டது. வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணானது. இதற்கு மாற்றாக 1740களின் தொடக்கத்தில் பிராங்கிளின் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்து, 1744 இல் அதை விளக்கும் நூலை வெளியிட்டார். இதில் புகை உள்ளீடற்ற காற்றுப்பெட்டி ஒன்றின் மேலாகச் சென்று, அதன் பின்புறமாகக் கீழிறங்கி, தரைக்கு அடியில் உள்ள வழியாகப் புகைபோக்கியை அடையும். வெளியிலிருந்து வரும் காற்று அப்பெட்டியினுள் சூடாகி அறைக்குள் பரவும். ஆளுநர் தர முன்வந்த தனியுரிமத்தைப் பிராங்கிளின் ஏற்கவில்லை. பிறருடைய கண்டுபிடிப்புக்களால் தாம் பயன்பெறுவதால் தமது கண்டுபிடிப்பும் பிறருக்கு இலவசமாகப் பயன்படவேண்டும் என்று அவர் கருதினார்.

எனினும் இவ்வமைப்பில் ஒரு குறை இருந்தது. சூடான காற்று கனம் குறைந்தது. அதனைச் சூழ்ந்துள்ள குளிர்ந்த காற்று மேலே தள்ளுவதாலேயே புகை உயர்கிறது. புகைபோக்கி சூடாக இருக்கும் வரையே புகை கீழிறங்கிச் செல்லும். தீ தணிந்தால் இழுவை நின்று புகை அறைக்குள் திரும்பியது. பிற்காலத்தவர் கீழ்வழியை நீக்கி, புகையை நேராக மேலே செலுத்தினர். அவ்வாறு மாற்றப்பட்ட அடுப்புக்களே பிராங்கிளின் அடுப்பு என்னும் பெயரில் பரவின.

நிலக்கரி அடுப்பு

இலண்டன் வீடுகளில் நிலக்கரியே எரிபொருள். நகர் எங்கும் கரும்புகை சூழ்ந்திருந்தது. 1771 இல் பிராங்கிளின் அங்கு சாடி வடிவ அடுப்பு ஒன்றை உருவாக்கினார். இதில் காற்று மேலிருந்து நுழைந்து, எரியும் கரியின் ஊடாகக் கீழ்நோக்கிச் செல்லும். புகை தணலைக் கடக்கையில் தானும் எரிந்துவிடும். எஞ்சிய வளிமங்கள் அடியிலுள்ள இரும்புப் பெட்டியின் வழிகளில் சுற்றி, வெப்பத்தை அறைக்கு விட்டபின் புகைபோக்கியைச் சேரும். இங்கும் புகைபோக்கியை முதலில் சூடாக்கி இழுவையை ஏற்படுத்துவது இன்றியமையாதது.

1785 இல் பிரான்சிலிருந்து தாயகம் திரும்பிய கடற்பயணத்தில், புகையும் வீடுகளைப் பற்றி யான் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். புகைக்கான ஒன்பது காரணங்களை அதில் வகுத்தார். அவற்றுள் முதலாவது, அறை மிக இறுக்கமாக மூடப்பட்டிருத்தல். வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று நுழையாவிட்டால் புகையும் வெளியேறாது.

பிற்கால அறிவு

கண்ணுக்குத் தெரியும் புகை எரிந்துவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. நிலக்கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமம். இதன் வேதியியல் இயல்பு பிராங்கிளின் இறந்து சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. மரபான செங்கல் புகைபோக்கி இல்லாத வீட்டில் வெப்பங்காப்பிட்ட உலோகக் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தலாம். ஆனால் வெளியேறும் வழியே இன்றி நிலக்கரி அடுப்பை எரிப்பது உயிருக்கு ஆபத்தானது. சூடான குழாய், தடையற்ற வழி, உள்வரும் காற்று ஆகிய மூன்றும் இன்றும் தேவையானவை.

இறப்பு

பிராங்கிளின் தமது 84 ஆம் வயதில் பிலடெல்பியாவில் காலமானார். அந்நகரின் கிறைஸ்ட் சர்ச் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.