ஃபார்வர்டாகச் சேர்ந்தார், கோல்கீப்பராக ஜெயித்தார்: யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

பைக்காராவுக்கு போட்டிங் போகிறவர்கள் பலர் குன்னூரைத் தாண்டியதும் வெலிங்டனைக் கடந்துதான் போகிறார்கள். இந்தியாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் உருவானது, அங்கே இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் டீமில்தான்.

பீட்டர் தங்கராஜ் 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்களில் ஆடிவிட்டு 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அவர் சென்டர் ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்கிற ஆள்! ஆறடிக்கு மேல் உயரம். வெலிங்டன் டீமுக்கு வந்த பிறகுதான் கோல் போஸ்ட்டுக்கு மாறினார். 1955, 1958 என இரண்டு முறை டூரண்ட் கோப்பை அந்த டீமுக்குக் கிடைத்தது.

இதே தங்கராஜ் இன்று அமெரிக்காவில் ஸ்கூல் பையனாக இருந்தால்? அங்கே கல்லூரி ஃபுட்பாலுக்கு (அது நம்ம ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் தூக்கிட்டு ஓடுற ஆட்டம்) மாணவர்களைச் சேர்க்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் ஸ்டார் போடுவார்கள். அதிகபட்சம் 5. எந்தக் கல்லூரி எத்தனை ஸ்டார் பையன்களை எடுத்தது என்று கூட்டிப் பார்த்து, அந்த வருஷத்து பேட்ச்சுக்கே ரேங்க் கொடுப்பார்கள். தங்கராஜுக்கு ஃபார்வர்ட் கணக்கில்தான் ஸ்டார் விழுந்திருக்கும். அவர் கையைப் பற்றி அந்த லிஸ்ட்டில் ஒரு வரிகூட இருந்திருக்காது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் அவரும் இருந்தார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்வானார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தித் தங்கம் வென்றபோது, இந்தியாவின் கோல் போஸ்ட்டில் நின்றவர் அவர்தான்.

ராணுவத்துக்குப் பிறகு கொல்கத்தா. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய கிளப்களும் அவரை எடுத்துக்கொண்டன. 1967-ல் அர்ஜுனா விருது. 2008-ல் பொகாரோவில் காலமானார்.