டாடா காத்திருந்த இருபது வருடம்

நம் குடியிருப்பிலேயே இட்லி மாவு, டியூஷன், ஆன்லைன் புடவை என்று தொழில் தொடங்கியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். எப்போது தொடங்கலாம் என்று இன்னும் யோசிப்பவர்களும் உண்டு. உங்களுக்காக ஜாம்ஷெட்ஜி டாடாவின் வாழ்க்கையில் ஒரு பகுதி.

1839ல் குஜராத்தின் நவ்சாரியில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை பம்பாயில் வியாபாரி. பஞ்சாலை என்றால் பம்பாய்தான் என்றிருந்த நாளில், பருத்தி விளையும் பகுதியைத் தேடிப் போய் 1877 ஜனவரி 1 அன்று நாக்பூரில் எம்ப்ரஸ் மில்லைத் திறந்தார். மில் நன்றாகவே ஓடியது.

1882ல் ஒரு ஜெர்மானிய நிபுணரின் அறிக்கை அவர் கண்ணில் பட்டது. நாக்பூருக்குத் தெற்கே சாந்தா மாவட்டத்தில் இரும்புத் தாது நிறைய இருக்கிறது என்றது அது. பக்கத்தில் வரோராவில் நிலக்கரியும் உண்டு. கையில் பணம், ஊரில் பெயர். வேறொருவர் என்றால் அடுத்த முகூர்த்தத்திலேயே பூமி பூஜை போட்டிருப்பார்! இவர் முதலில் அந்த நிலக்கரியைச் சோதனைக்கு அனுப்பினார். உருக்கு ஆலைக்கு அது சரிப்படாது என்று தெரிந்தது. சுரங்க உரிமம் பற்றிய அரசு விதிகளும் கெடுபிடியாக இருந்தன. திட்டத்தை எடுத்து வைத்துவிட்டார், மறக்கவில்லை.

வங்கியில் நான் பார்த்த கடன் விண்ணப்பங்களில் இயந்திரங்களின் கொட்டேஷன் பத்துப் பக்கம் இருக்கும். மூலப்பொருள் எங்கே என்ற கட்டத்தில் 'உள்ளூரில் கிடைக்கும்' என்று ஒரே வரி. வரோரா நிலக்கரியும் உள்ளூரில் கிடைத்ததுதான்.

1899ல், கர்சன் காலத்தில், சுரங்க விதிகள் தளர்ந்தன. 1902ல், 63 வயதில், டாடா அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியாளரை அமர்த்திக்கொண்டார். அப்போதும் ஆலை இல்லை. முதலில் தாது, நிலக்கரி, தண்ணீர் பற்றிய ஆய்வுதான்.

அவர் எல்லாவற்றிலும் இப்படிக் காத்திருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பம்பாய் தாஜ் ஹோட்டலை, கட்டட வேலை முழுதும் முடியுமுன்பே 1903 டிசம்பரில் திறந்துவிட்டார். ஹோட்டலில் குறைந்த அறைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். உலை மூட்டிய பிறகு நிலக்கரி சரியில்லை என்றால் போட்ட பணம் போனதுதான். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது என் எண்ணம்.

காத்திருந்ததற்கு அவர் கொடுத்த விலை பெரியது. 1904 மே 19 அன்று ஜெர்மனியில் காலமானார். ஆலைக்கு இன்னும் இடம்கூட முடிவாகவில்லை. கடைசியில் தாது கிடைத்தது சாந்தாவில் அல்ல, மயூர்பஞ்ச் மலைகளில். மகன் தொராப்ஜி 1907ல் பம்பாயில் பங்கு வெளியிட்டபோது, மூன்றே வாரத்தில் ஏறக்குறைய 8,000 இந்தியர்கள் முழு மூலதனத்தையும் போட்டார்கள். 1912ல் முதல் உருக்கு வார்ப்பு வெளிவந்தது. ஆலை எழுந்த சாக்சி கிராமத்துக்கு 1919ல் ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார்கள்.