கம்பி இல்லாமல் படகு ஓட்டியவர்

ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு சிறிய இரும்புப் படகு. ஏறக்குறைய 4 அடி நீளம்.

படகில் ஆள் இல்லை. கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனாலும் படகு புறப்பட்டது! இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திரும்பியது. நின்றது. அதன் மேல் இருந்த விளக்குகள் எரிந்தன, அணைந்தன.

சற்றுத் தள்ளி உயரமான, ஒல்லியான ஒரு மனிதர் நின்றார். அவர் முன்னால் ஒரு பெட்டி. பெட்டியில் ஒரு பிடி. அதை அவர் திருப்பத் திருப்ப, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை போலப் படகு ஓடியது.

இது நடந்தது 1898-ம் ஆண்டில், அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரில். அந்த மனிதரின் பெயர் நிகோலா டெஸ்லா.

ரேடியோ என்ற பெயரே மக்களுக்குத் தெரியாத காலம் அது. கூடி நின்றவர்கள் பிரமித்துப் போனார்கள். சிலர் படகைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். படகும் சைகையால் பதில் சொல்லிற்று! இது மந்திரம்தான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். பதில் சொன்னது படகு அல்ல, பெட்டியின் பிடியைத் திருப்பிய டெஸ்லாதான்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்

டெஸ்லா 1856-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி பிறந்தார். ஊர் ஸ்மில்யான். இப்போது அது குரோஷியா நாட்டில் இருக்கிறது. தந்தை ஒரு பாதிரியார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நீண்ட கதைப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லுவார். வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்ளுவார். தம் மூளை தாயிடம் இருந்து வந்தது என்று டெஸ்லா பிற்காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ இயந்திரங்கள் மீது ஆசை. அந்தச் சமயத்தில் டெஸ்லாவுக்கு வாந்திபேதி கண்டது. 9 மாதம் படுத்த படுக்கை. பிழைப்பாரா என்பதே சந்தேகம். என்ஜினீயர் படிப்புக்கு அனுப்பினால் ஒருவேளை பிழைத்துக்கொள்வேன் என்று மகன் முனகினார். தந்தை உடனே வாக்குக் கொடுத்தார். மகன் எழுந்துவிட்டார்!

1884-ம் ஆண்டில் டெஸ்லா நியூயார்க் போய் இறங்கினார். பையில் இருந்தது 4 சென்ட் காசு. எடிசனிடம் சில மாதம் வேலை பார்த்து விலகினார். பிறகு பிழைப்புக்காகக் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில் இயங்கும் மோட்டாரைச் செய்துகாட்டிய பிறகுதான் அவருக்கு நல்ல காலம் பிறந்தது. இன்று வீடுகளுக்கு வருவது அந்த ரக மின்சாரமே.

படகுக்குள் என்ன இருந்தது?

படகில் பாட்டரிகள் இருந்தன. தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு ஒரு மோட்டார். சுக்கானுக்கு இன்னொரு மோட்டார். இவற்றுக்குக் கட்டளை கொடுத்தது ஒரு பிடி உலோகப் பொடி!

பொடி ஒரு சிறு குழாயில் இருந்தது. சாதாரணமாக அதன் வழியே மின்சாரம் சரியாக ஓடாது. ரேடியோ அலை வந்து பட்டதும் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் பாயும். உடனே கடிகாரம் போன்ற ஒரு பொறி ஒரு படி நகரும். ஓர் அலைக்குச் சுக்கான் இடது பக்கம். அடுத்த அலைக்கு நிற்கும். அதற்கடுத்த அலைக்கு வலது பக்கம். ஒவ்வொரு முறையும் குழாய் தலைகீழாகப் புரளும். பொடி உதிர்ந்து, மறு கட்டளைக்குத் தயாராகிவிடும்.

இதற்கு டெஸ்லா பேட்டண்டு உரிமை கேட்டார். அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. நேரில் வந்து பார்த்தார். அதன்பின் 1898 நவம்பர் 8-ந் தேதி உரிமை கிடைத்தது.

சர்க்காருக்கு இதைக் கொடுக்க டெஸ்லா விரும்பினார். வாஷிங்டனில் ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்! உரிமையின் காலம் 17 ஆண்டு. வாங்க ஆள் வராமலே அது 1915-ல் முடிந்துபோயிற்று.

இதற்கிடையே டெஸ்லா இன்னொன்றையும் யோசித்தார். இரண்டு படகுகள் இருந்தால், ஒன்றுக்கு அனுப்பும் அலை மற்றதையும் திருப்பிவிடுமே? இரண்டு வித அலைகள் சேர்ந்து வந்தால்தான் படகு கேட்கும்படி செய்தார். இரண்டு சாவி போட்டால் திறக்கும் பூட்டைப் போல! இதற்கு 1903-ல் உரிமை பெற்றார்.

கடைசிக் காலம் சோகமானது. உலகத்துக்கே கம்பியில்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்ப ஒரு பெரிய கோபுரம் கட்டினார். பணம் போதவில்லை. 1917-ல் கோபுரம் இடிக்கப்பட்டது. ஓட்டல் அறைகளில், கடனோடு, புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு நாட்களைக் கழித்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1943 ஜனவரி 7-ந் தேதி நியூயார்க் ஓட்டல் ஒன்றில் தனியாக இறந்து கிடந்தார். வயது 86.

குளத்தில் பந்தயம்

அடுத்து வந்த ஆண்டுகளில் அவருடைய படகு விளையாட்டுப் பொருள் ஆயிற்று. பொழுதுபோக்குக்காரர்கள் கடிகாரப் பொறிக்குப் பதில் முறுக்கிய ரப்பரை வைத்தார்கள். பொத்தானை அழுத்த அழுத்தச் சுக்கான் படிப்படியாகத் திரும்பும். அதே டெஸ்லா வித்தை!

பிறகு சங்கங்கள் சேர்ந்து பந்தயம் விட்டார்கள். அதில் ஒரு வகை, காற்று விசிறிப் படகு. அடிப்பக்கம் தட்டை. விசிறி தண்ணீருக்கு மேலே, பின்பக்கம் இருக்கும். அதனால் பாசியும் கொடியும் சிக்காது. ஆனால் ஓட்டுவது லேசல்ல. படகுக்குத் தண்ணீரில் பிடிப்பு இல்லை. வழுக்கிக்கொண்டு போகும். விசிறிக் காற்று பட்டால்தான் சுக்கான் வேலை செய்யும். திருப்பத்தில் பயந்து வேகத்தைக் குறைத்தால், படகு திரும்பாமல் நேரே கரையில் முட்டும்!

அலைத் தகராறும் வந்தது. இருவர் பெட்டியும் ஒரே அலையில் இருந்தால் படகுகள் தறிகெட்டு ஓடும். அதனால் குளக்கரையில் ஒரு பலகை வைத்தார்கள். அலைக்கு ஒரு கிளிப். கிளிப்பை எடுத்தவர்தான் பெட்டியைத் திறக்கலாம். இப்போதுள்ள பெட்டிகளுக்குப் பலகை வேண்டாம். அவை நொடிக்குப் பல தடவை அலை மாறும். பத்துப் படகுகள் சேர்ந்து ஓடினாலும், ஒவ்வொன்றும் தன் சொந்தக்காரரின் பெட்டிக்கு மட்டுமே கீழ்ப்படியும்.