அரண்மனை வேலையை விட்டுட்டு குதிரையோடு ஊர் சுற்றியவர்!

இந்த வருஷம் பன்னீர் திராட்சைக்கு நல்ல விலை கிடைச்சா, அடுத்த வருஷமும் கிடைக்கும்னு சுருளிப்பட்டியில யாராவது அடிச்சு சொல்வாங்களா? மாட்டாங்க. நேரங்கெட்ட நேரத்துல ஒரு மழை பெஞ்சாலே கணக்கு மாறிடும்.

மாசச் சம்பளம் இல்லாம, கைவித்தையை மட்டும் நம்பி இறங்குறவங்க நிலைமையும் அதேதான். நீங்க ஃப்ரீலான்ஸரா? இல்ல, ஆகலாமானு யோசிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அப்போ விஷ்ணுபந்த் சத்ரேவைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. இந்திய சர்க்கஸின் தந்தைனு சிலர் இவரைச் சொல்றாங்க.

லாயத்திலிருந்து கூடாரத்துக்கு...

சத்ரே மராட்டியக்காரர். குதிரையேற்றத்தில் கெட்டிக்காரர், நல்ல பாடகரும்கூட. ஒரு சிறிய சமஸ்தானத்து ராஜாவின் குதிரை லாயம் அவர் பொறுப்பில் இருந்தது. ராஜா ஆதரவு, நிலையான வேலை. வேற என்ன வேணும்?

1879-ல் இத்தாலிக்காரர் சியாரினியின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. சத்ரேவும் போய்ப் பார்த்தார். இந்தியர்கள் சொந்தமா சர்க்கஸ் நடத்த இன்னும் பல வருஷம் ஆகும்னு சியாரினி சொன்னதாகவும், அது சத்ரேவைச் சீண்டிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. 1880 மார்ச் 20-ம் தேதி சத்ரேவின் ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ முதல் காட்சியை நடத்திவிட்டது. குதிரை மேல் அவர் சாகசம் செய்ய, அவர் மனைவி டிரப்பீஸில் ஆடினார். மிருகங்களைப் பழக்கியதும் அவர்தான். ஆக, மொத்தக் குடும்பமும் இந்த ஒரே தொழிலை நம்பித்தான் இருந்தது.

ஏற்றமும் இறக்கமும்

வட இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியானு கூடாரம் பயணப்பட்டது. கேட்க ஜாலியா இருக்குல்ல? ஆனா, மழை பெஞ்சு காட்சி ரத்தானாலும் குதிரைக்குக் கொள்ளு வெச்சுத்தான் ஆகணும். கூட்டம் வந்தாலும் வராட்டியும் ஆட்களுக்குச் சோறு போடணும். லாயத்துல இருந்தப்போ இதெல்லாம் ராஜா கவலை. இப்போ சத்ரே கவலை.

அமெரிக்காவுக்கும் போய்ப் பார்த்தார். அங்கே இருந்த பிரமாண்ட கம்பெனிகளோடு போட்டி போட முடியலை. திரும்பி வந்துட்டார். ஆனா, கடையை மூடலை. இந்தியாவுக்குள்ளேயே மறுபடியும் ஊர் ஊரா கிளம்பினார்.

கையில் காசு புழங்கிய காலத்திலும் அவர் பழசை மறக்கலை. அவருக்கு இசை கற்றுக்கொடுத்தவர் குவாலியர் உஸ்தாத் ஹத்து கான். அந்தக் குருவின் மகன் ரஹிமத் கான் ஆதரவில்லாமல் அலைந்தபோது, அவரைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மிஞ்சியது எது?

1880-களின் பிற்பகுதியில் சர்க்கஸ் கேரளாவின் தலச்சேரிக்குப் போனது. அங்கே களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார் சத்ரே. சர்க்கஸுக்கு ஆள்களைப் பழக்கும் யோசனை அங்கேதான் பிறந்தது. 1901-ல் குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்திய சர்க்கஸ்னாலே தலச்சேரினு பேர் வந்ததுக்கு அதுதான் ஆரம்பம்.

சத்ரே காலமாகி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கூடாரமும் இன்னிக்கு இல்லை. ஆனா, அவரால் தூண்டப்பட்ட ஒரு வாத்தியார், தலைமுறை தலைமுறையா கலைஞர்களை உருவாக்கிட்டார்.

வேலையை விடலாமா, வேணாமானு முடிவெடுக்கிறது உங்க இஷ்டம். கொள்ளுக் கணக்கை மட்டும் முதல்லயே போட்டுக்கோங்க. கூடவே, உங்க வித்தையை ஒருத்தருக்காவது சொல்லிக்கொடுத்து வையுங்க. சீஸன் சரியில்லாத வருஷத்துலயும் அது வீணாகாது!