கோட்டையில் கேட்ட மெட்டு

ஆங்கில நாட்டு இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் பயின்று, ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தார் என்று அறியும்போது வியக்கிறோம். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஆங்கிலேயரின் மெட்டைக் கேட்டு அதற்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றியவர் நம் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே முத்துசாமி தீட்சிதர்.

மன்மத ஆண்டு (1775–76) பங்குனியில் திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசாமி தீட்சிதர் அம்சத்வனி இராகத்தை உருவாக்கியவர். மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டை தொலைவில்லை. கும்பினியாரின் பாண்டு வாத்தியத்தைச் சகோதரர்கள் அங்கேதான் கேட்டனர். தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று கச்சேரி மேடையில் வயலின் இல்லாத நாளை நினைத்துப் பார்க்க முடிகிறதா? தீட்சிதரின் சீடர் வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்த வயலின் தோற்றம், அந்தக் கோட்டை வாசலில் தொடங்கிய கதைதான்.

அண்ணன் செய்தது வேறு. ஆங்கில, ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளுக்குத் தெய்வங்களைப் போற்றும் சொற்களைப் பொருத்தினார். ஏறத்தாழ 40 உருப்படிகள். நோட்டுசுவரம் என்று பெயர். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டு அவர் கையில் அம்பிகையின் துதியாயிற்று! மன்னர் அறிந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

இவற்றைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. வீணையின் கமகங்களைக் கரைத்துக் குடித்தவர், இம்மெட்டுகளில் கமகமே சேர்க்காமல் சங்கராபரணத்தின் வெறும் சுவரங்களாகவே விட்டார். வந்த விருந்தாளியை அவன் உடையிலேயே உட்கார வைத்தார். ஆனால் கமலாம்பாள் நவாவரணம் போன்ற பெரிய கிருதிகளுக்குள் பாண்டு வாத்தியத்தை அவர் அனுமதிக்கவில்லை. காசியில் சிதம்பரநாத யோகியுடன் வாழ்ந்த ஆண்டுகளில் கேட்ட வடநாட்டு இராகங்களையோ, யமுனா கல்யாணி போல, முழுமையாகத் தம்முடையவையாக்கிக் கொண்டார். எதை விருந்தாளியாக வைப்பது, எதை உறவாக ஏற்பது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சீடர் தம்பியப்பனின் வயிற்று நோய் தீர வியாழனைப் பாடத் தொடங்கி, வாரத்தின் ஏழு கிரகங்களையும் தீட்சிதர் பாடினார் என்பர். ஹோல்ஸ்ட் 1914 முதல் 1916 வரை எழுதிய ‘கோள்கள்’ என்னும் வாத்தியக் குழு இசையிலும் ஏழு பகுதிகளே. அவருக்கும் தூண்டுதல் சோதிடமே! தீட்சிதரிடம் சூரியனும் சந்திரனும் உண்டு. ஹோல்ஸ்டிடம் அவர்களுக்குப் பதில் யுரேனசும் நெப்டியூனும். அறிவியல் மாணவன் கண்ணுக்கு இது தப்புமா?

தம்பி பாலுசாமி எட்டயபுரத்தில் அரண்மனை வித்துவானாக இருந்தார். 1835 தீபாவளியன்று தீட்சிதர் அங்கேயே மறைந்தார். பாலுசாமியின் பேரனும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைச் சுரக்குறிப்புடன் அச்சிட்டார். தீட்சிதரின் கிருதிகளை இன்று பாடுவோர் திரும்பத் திரும்பப் புரட்டும் நூல் அதுவே.