குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. பழைய மாணவர் சந்திப்பு மலருக்கு, மறைந்த ஒரு பெரியவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரணும் என்றார்கள். நானோ கட்டடம் கட்டுகிற எஞ்சினியர். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் ஒருவரைப் பற்றிச் சொல்ல ரொம்ப நாளாக ஆசை. அவர் வேதாந்த தேசிகர்.

மயிலாப்பூரில் படித்த நம்மில் பலர் சித்திரக்குளம் பக்கம் சுற்றியிருப்போம். அங்கே கேசவப் பெருமாள் கோயில், அதன் அருகிலேயே தேசிகர் கோயில். மூன்று வருஷம் அந்த வழியாக நடந்தும் அவர் யார் என்று நான் விசாரித்ததில்லை. வேலைக்குப் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

காஞ்சிபுரத்தில் தூப்புல் என்ற இடத்தில் 1268-ல், புரட்டாசித் திருவோணத்தில் பிறந்தவர். அப்பா அனந்தசூரி, அம்மா தோதாரம்பை. இயற்பெயர் வேங்கடநாதன். திருமலை பெருமாளின் மணியே பிள்ளையாகப் பிறந்தது என்பது வைணவர்களின் நம்பிக்கை. ஐந்து வயதில் தாய்மாமன் அப்புள்ளார் இவரை நடாதூர் அம்மாளின் பாடத்துக்குக் கூட்டிப் போனார். குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தில் ஆசிரியர் விட்ட இடத்தை மறந்துவிட, பையன்தான் எடுத்துக் கொடுத்தானாம். முன் பெஞ்சுக்காரர்களுக்கெல்லாம் மூதாதை!

மாமாவிடமே எல்லாம் கற்று, இருபது வயதுக்குள் பெரிய பண்டிதரானார். பிறகு கடலூர் அருகே திருவஹீந்திரபுரத்தில் பல வருஷம் இருந்தார். எல்லாக் கலையும் அறிந்தவர் என்று பட்டம் வாங்கியவருக்குக் கிணறு கட்டத் தெரியுமா என்று ஒரு கொத்தனார் சவால் விட, ஒழுங்கில்லாத செங்கல்லை வைத்தே கட்டி முடித்தார் என்பார்கள். அந்தக் கிணற்றை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். நானும் போய் எட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி விடுமா?

சம்பாத்தியம் என்று ஒன்றும் இல்லை. உஞ்சவிருத்திதான், அதாவது வீதியில் கிடைத்த அரிசியைக் கொண்டு வாழ்வது. யாரோ இரக்கப்பட்டு அரிசியோடு பொற்காசைக் கலந்து போட, புழுவை ஒதுக்குவது போலத் தர்ப்பையால் ஒதுக்கித் தள்ளினார் என்று கதை. விஜயநகர அரசவைக்கு வரச் சொல்லி வித்யாரண்யர் அழைத்தபோதும் மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக எழுதியதுதான் வைராக்ய பஞ்சகம். சமஸ்கிருதம், தமிழ், மணிப்பிரவாளம் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் இவர் பெயரில் உள்ளன.

இத்தனையிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு கேள்வி. கடவுள் அருள் தானாக வருமா, நாம் ஏதாவது செய்தால்தான் வருமா?

ராமானுஜருக்குப் பின் வந்த ஆசாரியர்களிடையே இதில் இரண்டு போக்குகள். பிள்ளை லோகாசாரியர் வழியில், அருளுக்குக் காரணமே தேவையில்லை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறது, குட்டி சும்மா இருந்தால் போதும். தேசிகர் வழியில், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். இந்த உவமைகளை வைத்துத்தான் பிற்காலத்தில் தென்கலை, வடகலை வித்தியாசத்தை விளக்கினார்கள்.

தேசிகர் அருளுக்கு விலை போட்டார் என்று நினைத்தால் தப்பு. மரத்துக்கு மரம் தாவுவது தாய்தான், குட்டி இல்லை. நாம் சரணம் என்று சொல்வது வெறும் வியாஜம், ஒரு சாக்கு என்கிறார். அந்தச் சாக்கும் வேண்டாம் என்றால் எல்லாரும் எப்போதோ கரையேறியிருக்க வேண்டுமே? சிலர் ஏறி, சிலர் ஏறவில்லை என்றால் கடவுள் பட்சபாதம் உள்ளவர் ஆகிவிடுவார். அதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. 32 அதிகாரங்கள் கொண்ட ரகஸ்யத்ரயசாரத்தில் இதையெல்லாம் நிதானமாக விளக்குகிறார். தானே சரணம் சொல்லத் தெரியாதவனுக்காக ஆசாரியன் சொன்னாலும் போதும் என்கிற வழியும் அதில் உண்டு.

இதே கேள்வி ஐரோப்பாவிலும் எழுந்தது. யார் கரையேறுவார் என்று கடவுள் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்பது கால்வின் வழி வந்தவர்களின் கட்சி. ஹாலந்தில் ஆர்மினியஸ் (1560–1609), அருளை மனிதன் மறுக்கவும் முடியும் என்றார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (1703–1791), அருள் எல்லாரிடமும் முந்திக்கொண்டு போகிறது, சரி என்று சொல்லும் சக்தியையும் அதுவே கொடுக்கிறது, ஆனால் சொல்வது மனிதன்தான் என்றார். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளிக்கு இவர் பெயர்தான். அந்தப் பள்ளிக்கும் சித்திரக்குளத்துக்கும் ரொம்ப தூரமில்லை.

1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? சும்மா இருந்தால் போதும் என்ற லோகாசாரியர், தள்ளாத வயதில் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு மதுரைப் பக்கம் போய், வழியிலேயே உயிரை விட்டார். தேசிகரோ சுதர்சன சூரியின் இரண்டு பிள்ளைகளையும் சுருதப்பிரகாசிகை ஓலைச்சுவடியையும் காப்பாற்றிக்கொண்டு, பிணங்களுக்கு நடுவே இரவைக் கழித்துவிட்டு, மைசூர்ச் சீமை சத்தியாகாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்கிறது குருபரம்பரை. கொள்கையில் எதிர் எதிர். ஆபத்து வந்தபோது இரண்டு பேருமே தாய்ப்பூனைதான். தேசிகர் 1369-ல் ஸ்ரீரங்கத்தில் மறைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு.

இப்போது என் கதை. இரண்டாம் வருஷம் அப்பாவுக்கு வேலை போயிற்று. கட்டணம் கட்ட வழியில்லை. பேராசிரியர் ஒருவர் பழைய மாணவர் உதவித்தொகை விண்ணப்பத்தை அவரே நிரப்பி, கையெழுத்துப் போடு என்று நீட்டினார். போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்தக் கையெழுத்தின் விலையா அந்தப் பணம்? யாரோ முகம் தெரியாதவர் எப்போதோ கொடுத்து வைத்தது. தேசிகர் சொன்ன வியாஜம் எனக்குப் புரிந்தது அந்தக் கையெழுத்தால்தான்.

என் பெஞ்சிலேயே இன்னொருவன் இருந்தான். என்னைவிட நன்றாகப் படிப்பான். அவன் வீட்டிலும் அதே கஷ்டம். கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பணம் இருந்தது, விண்ணப்பம் இருந்தது, அவன் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வரவில்லை, அப்புறம் வரவே இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை. தேசிகரைப் படிக்கும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. லோகாசாரியர் கட்சிக்காரர் யாராவது, அவனை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

தத்துவ விவாதத்தைத் தீர்க்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் நம் சங்கத்துக்கு ஒன்று சொல்லலாம். இப்போது படிக்கிற தம்பிகளே, நீங்கள் குரங்குக் குட்டியாக இருங்கள். கூச்சப்படாமல் கை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பர்களே, நாம் பூனையாக இருப்போம்; விண்ணப்பம் வரட்டும் என்று காத்திராமல் வகுப்பு வகுப்பாகப் போய்த் தேடுவோம். வாங்குகிறவர் ஒரு கட்சி, கொடுக்கிறவர் ஒரு கட்சி என்று இருந்துவிட்டால், நடுவில் யாரும் விழ மாட்டார்கள்.