தடையை அளந்த ஓம்

ஜெர்மானிய நகரான எர்லாங்கனில் பூட்டுகள் செய்து வாழ்ந்த கொல்லர் ஒருவர், முறையான பள்ளிக்கல்வி இன்றியே கணிதமும் இயற்பியலும் தாமே முயன்று கற்றார். கற்றவற்றைத் தம் மைந்தர் இருவருக்கும் வீட்டிலேயே பயிற்றினார். இளையவர் மார்ட்டின் கணித அறிஞராக விளங்கினார். 1789 மார்ச் 16-இல் பிறந்த மூத்தவரே ஜார்ஜ் சைமன் ஓம்.

பதினாறு வயதில் பல்கலைக்கழகம் புகுந்த ஓம், நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைக் கழித்தார். சினங்கொண்ட தந்தை மூன்று பருவங்களோடு படிப்பை நிறுத்தச் செய்தார். சுவிட்சர்லாந்தில் ஆசிரியராகப் பணியாற்றியவாறே தனித்துப் பயின்ற ஓம், 1811-இல் எர்லாங்கனில் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் வறுமை நீங்கவில்லை. 1817-இல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். அங்கு நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. அதுவே அவர் வாழ்வைத் திசைதிருப்பியது.

மின்சுற்றில் கம்பியின் நீளத்தைக் கூட்டினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்பதே அவர் எழுப்பிய வினா. இன்று நம் ஆய்வகங்களில் உள்ள அம்மீட்டரோ வோல்ட்மீட்டரோ அன்று இல்லை. கம்பியின்மேல் காந்த ஊசியொன்றைத் தொங்கவிட்டு, அது விலகும் வலிமையைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். ஆனால், அவர் பயன்படுத்திய மின்கலத்தின் ஆற்றல் அளக்கும்போதே தளர்ந்தது. அதனால் 1825-இல் அவர் வெளியிட்ட முதல் வாய்பாடு பிழையாயிற்று. நிலையான மூலமின்றி நிலையான விதி கிட்டாது அல்லவா? பொகென்டார்ஃப் என்னும் இதழாசிரியர் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். பிஸ்மத்தும் செம்பும் இணைந்த சந்திப்புகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் ஓம் வைத்தார். வெப்பநிலை வேறுபாடு மாறாதிருந்தமையால் மின்னியக்கு விசையும் மாறாதிருந்தது. ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் உடைய எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தபோது விதி தெளிந்தது: சுற்றின் மொத்தத் தடைக்கு எதிர்விகிதத்தில் மின்னோட்டம் அமைகிறது.

230 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் மின்னோட்டம் பாயும் மின்விளக்கின் தடை 460 ஓம் என இன்று ஒரே வகுத்தலில் கண்டறிகிறோம். அவ்விரண்டையும் பெருக்கினால் திறன் 115 வாட். மின்னோட்டம் வெப்பமாக மாறும் அளவை ஜூல் நிறுவியது பின்னர், 1841-இல்.

அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லினில் தங்கிய ஓம், 1827-இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகப் பதவியை அந்நூல் பெற்றுத் தரும் என நம்பினார். அறிஞருலகம் அதனைப் புறக்கணித்தது. கடுமையாக இகழ்ந்த மதிப்புரையும் வெளிவந்தது. மனமுடைந்த அவர் 1828-இல் கொலோன் பணியைத் துறந்தார். தொடர்ந்து ஐந்தாண்டுகள் பெர்லினில் சிறு சிறு கற்பித்தல் பணிகளால் காலந்தள்ளினார். எட்டுக் கம்பிகளின் உண்மைக்கு அவர் தந்த விலை மிகப் பெரிது. 1833-இல் நியூரம்பெர்க் பல்தொழில்நுட்பப் பள்ளியில் பணி கிடைத்தது.

முதற்பெரும் பாராட்டு அயல்நாட்டிலிருந்து வந்தது. ஜூலின் ஆய்வு வெளியான அதே 1841-இல், லண்டன் ராயல் கழகம் ஓமுக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. அவர் இளமைமுதல் நாடிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியோ, அறுபது வயதைக் கடந்தபின், 1852-இல் மியூனிக்கில்தான் கிட்டியது. ஈராண்டே அதில் இருந்து, 1854 ஜூலை 6-இல் மறைந்தார். 1881-இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் எனப் பெயரிட்டது.